‘டாக்டிக்கல்’ மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

சர்வர் ரூமில் கேபிள் டை வெட்ட வேண்டும். கேமரா லென்ஸ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டும். சைட்டில் சிமென்ட் மூட்டையின் தையலை அறுக்க வேண்டும். சாவியாலும் பல்லாலும் எத்தனை நாள்தான் ஓட்டுவது? பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தால் வசதிதான் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் ஷாப்பிங் தளத்தில் ‘மடக்குக் கத்தி’ என்று தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது கறுப்புப் பூச்சு, ரம்பப் பல், கண்ணாடி உடைக்கும் முனை, ஒரே தட்டில் விரியும் ஸ்பிரிங் என்று போருக்குக் கிளம்பிய தோரணையில் இருக்கும் ‘டாக்டிக்கல்’ கத்திகள். பார்க்க கெத்துதான். ஆனால் இந்தியாவில் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு அந்த வார்த்தைதான் முதல் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: “9 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் சட்டப்படி ஓகே.” இது பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் எதை ‘ஆயுதம்’ என்கிறது என்று முதலில் பார்ப்போம். தாக்கவோ தற்காக்கவோ பயன்படும் ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட, அல்லது அப்படி மாற்றப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம். வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் வடிவமைக்கப்பட்டவை அதில் சேராது. 9 அங்குலக் கணக்கு வருவது 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில். பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அந்தக் கத்தி ஐந்தாம் பிரிவு ஆயுதம். அங்கேயும் வீட்டு, விவசாய, அறிவியல், தொழிற்சாலை வேலைகளுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு.

கவனியுங்கள், இரண்டு இடத்திலும் திரும்ப வரும் சொல் ‘வடிவமைக்கப்பட்ட’. எதற்காகச் செய்த பொருள் என்ற கேள்வி சென்டிமீட்டர் கணக்கோடு முடிவதில்லை. பெட்டியிலேயே ‘டாக்டிக்கல்’, ‘காம்பாட்’, ‘செல்ஃப் டிஃபென்ஸ்’ என்று அச்சடித்திருக்கும் பொருளை வைத்துக்கொண்டு, “சார், இது ஆப்பிள் வெட்ட” என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் பக்கம் நின்றிருக்க வேண்டிய விலக்கை உங்கள் கத்தியின் விளம்பரமே பறித்துவிடும்.

அடுத்து, ஊருக்கு ஊர் மாறும் விதிகள். ஆயுதச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களுக்கும் உரிமம் தேவை என்று அரசு அறிவிக்கை வெளியிடலாம். டெல்லி இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1980-இல் வந்த ஓர் அறிவிக்கை, ஸ்பிரிங்கில் இயங்கும் கத்தி, பட்டன் கத்தி, வேறு இயந்திர அமைப்பில் திறந்து மூடும் கத்தி ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பிளேடு 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமும், 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் இருந்தால் அது பொருந்தும். 7.62 செ.மீ. என்பது சரியாக 3 அங்குலம். ஆன்லைனில் 3.5 அங்குலம் என்று சாதாரணமாக விற்கும் ஸ்பிரிங் கத்தி கிட்டத்தட்ட 8.9 செ.மீ. ஆக, ‘9 அங்குலம்’ என்று நம்பி வாங்கியவர் டெல்லியில் 3 அங்குலத்திலேயே மாட்டலாம்.

பட்டன் கத்தி வைத்திருந்ததாகப் பதிவான ஒரு டெல்லி வழக்கை 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவிக்கை பேசுவது தயாரிப்பு, விற்பனை, விற்பனைக்காக வைத்திருத்தல் போன்றவை பற்றி. அந்த நோக்கம் இருந்ததாகக் குற்றப்பத்திரிகையில் இல்லை என்பது காரணம். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதை வாங்க ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒரு பார்சல் பிரிக்கும் கருவிக்காக இவ்வளவு தூரம் போக உங்களுக்கு நேரமும் காசும் இருக்கிறதா?

இது போக, தேர்தல், திருவிழா, பதற்றமான நாள்களில் பி.என்.எஸ்.எஸ். 163-ஆவது பிரிவின் கீழ் (பழைய 144) தடை உத்தரவு வரும். அதில் ஆயுதம், கத்தி, கம்பு எதையும் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். அந்த நாள்களில் எவ்வளவு சின்னக் கத்தியாக இருந்தாலும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

“தற்காப்புக்குத்தானே?”

இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக வருபவர்கள் இதைக் கேட்பது நியாயம். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. ஆபத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் எல்லை. அந்த எல்லையை அரை நொடியில், இருட்டில், கைநடுக்கத்தோடு நீங்கள் அளக்க வேண்டியிருக்கும். தாண்டிவிட்டீர்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தால் கணக்கு மாறும். வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரை சிறை. அதையே வெட்டும் கருவியால் செய்தால் 118-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை. தவிர, மடக்குக் கத்தியை எடுத்து விரிப்பதற்குள் எதிரில் இருப்பவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிடலாம். பிறகு அது யார் கையில் இருக்கும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. தற்காப்புக்கு என்றால் கத்தி வேண்டாம் என்பதே என் கருத்து. இங்கிருந்து நாம் பேசுவது வேலைக்கான கருவி பற்றி மட்டும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

நீளம்: 6 முதல் 7.5 செ.மீ. போதும். டேப், கயிறு, கேபிள் டை, பழம் எல்லாவற்றுக்கும் இது தாராளம். விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. ஸ்விஸ் கத்தியில் பெரிய பிளேடு சுமார் 7 செ.மீ. மரக் கைப்பிடி பிடிக்கும் என்றால் பிரான்ஸின் ஓப்பினெல் இருக்கிறது. அதில் ரொம்பப் பிரபலமான 8-ஆம் நம்பரின் பிளேடு 8.5 செ.மீ.; 6-ஆம் நம்பர் 7 செ.மீ. நான் 6-ஐத்தான் சொல்வேன். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பல நேரம் விரித்த மொத்த நீளத்தை. பிளேடு நீளத்தைத் தனியாகத் தேடிப் படியுங்கள். கைக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

லாக்: விரல் தப்புமா தப்பாதா என்பது இதில்தான் இருக்கிறது. ஸ்விஸ் கத்தியின் பேனாக்கத்தி பிளேடில் லாக் கிடையாது. ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் அதை நிறுத்தி வைக்கிறது. கூர்முனையால் குத்தித் துளை போட முயன்றாலோ, பிளேடின் முதுகில் எதிர் அழுத்தம் விழுந்தாலோ, அது உங்கள் விரல் மேலேயே மடங்கும். அட்டைப்பெட்டியை இழுத்து அறுக்கும்வரை பிரச்னை இல்லை. கெட்டியான பிளாஸ்டிக், தடித்த கயிறு உங்கள் தினசரி வேலை என்றால் லாக் உள்ளதை எடுங்கள். லைனர் லாக்கில் கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு வளைந்து பிளேடின் அடியை முட்டி நிற்கும். மூடும்போது கட்டைவிரல் பிளேடின் பாதையிலேயே நிற்பதால், புதிதாகப் பழகுபவர்கள் வெட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பேக் லாக்கில் விடுவிக்கும் இடம் கைப்பிடியின் முதுகில் இருக்கிறது, விரல் பாதையில் வராது. ஓப்பினெலில் ஒரு வளையத்தைத் திருகினால் போதும். எதுவானாலும் ஸ்பிரிங்கோ பட்டனோ தள்ளித் திறக்கும் வகை வேண்டாம். காரணம் மேலே டெல்லி பத்தியில் இருக்கிறது.

எஃகு: விமர்சன வீடியோக்களில் பாதி நேரம் இதற்கே போகும். நமக்குத் தேவையான கேள்வி ஒன்றுதான்: துரு பிடிக்குமா? மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று, வியர்வை, ஈரமான பை எல்லாம் சேர்ந்து வரும். குறைந்த விலை டாக்டிக்கல் கத்திகளில் அடிக்கடி வரும் டி2 எஃகு கூரை நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் குரோமியம் ஏறக்குறைய 12 சதவீதம். கார்பனும் அதிகம் என்பதால் முழு ஸ்டெயின்லெஸ் போல நடந்துகொள்ளாது. துடைக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 14சி28என் போன்ற ஸ்டெயின்லெஸ் வகைகள் இந்த ஊருக்குப் பொருத்தம். ஓப்பினெலிலும் கார்பன், ஸ்டெயின்லெஸ் என இரண்டும் கிடைக்கும். கடலோரத்தில் இருந்தால் ஸ்டெயின்லெஸ். ஸ்விஸ் கத்தியின் எஃகு கொஞ்சம் மென்மை, சீக்கிரம் மழுங்கும். ஆனால் சமையலறைக் கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் கூர் ஏறிவிடும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சக்கரத்தில் பிடிக்கும்போது விளிம்பு நீலமாக மாறினால் சூட்டில் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.

ரம்பப் பல், ஜப்பானிய ‘டான்டோ’ முனை, கறுப்புப் பூச்சு? அலுவலக வேலைக்கு எதுவும் ஆகாது. ரம்பப் பல்லை வீட்டில் கூர் தீட்டுவதும் கஷ்டம்.

எங்கே வைப்பது?

பேன்ட் பாக்கெட்டின் விளிம்பில் கிளிப் தெரிய மாட்டிக்கொள்வது வீடியோவில் நன்றாக இருக்கும். லிஃப்டில் பக்கத்தில் நிற்பவருக்கு அப்படி இருக்காது. லேப்டாப் பையில், ஸ்க்ரூ டிரைவர், டேப், மார்க்கரோடு ஒரு டூல் பவுச்சில் வையுங்கள். கருவிகளோடு இருந்தால் கத்தியும் கருவியாகவே தெரியும். நிறுவனத்தின் பாதுகாப்பு விதியை அட்மினிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மெட்ரோ, மால், நீதிமன்றம் போன்ற இடங்களில் ஸ்கேனரில் தெரிந்தால் நிறுத்துவார்கள். ‘சின்னது சார்’ எடுபடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் கத்தி கூடாது. உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணிகளின் கிர்பானுக்கு மட்டும் தனி அனுமதி உண்டு. அதற்கும் பிளேடு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம் என்று அளவு இருக்கிறது. மற்றவர்களுக்கு செக்-இன் பெட்டிதான் வழி. இதை எழுதும் நானும் பையின் அடியில் மறந்துபோன ஒரு நல்ல ஸ்விஸ் கத்தியைப் பாதுகாப்புச் சோதனையில் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போன ஆள்தான். அப்போதிலிருந்து பயணத்துக்கு முந்தின இரவு பையைக் கட்டில் மேல் தலைகீழாகக் கொட்டிவிட்டுத்தான் அடுக்குகிறேன்.