வளிமண்டல ஒளியமைப்பு (கணினி வரைகலை)

வளிமண்டல ஒளியமைப்பு என்பது கணினியில் உருவாக்கப்படும் காட்சிகளில், காற்றும் அதில் மிதக்கும் தூசு, நுண்துளிகள் ஆகியனவும் ஒளியின்மீது ஏற்படுத்தும் விளைவுகளைக் கணக்கிட்டுக் காட்டும் முறையாகும். இது இல்லாத காட்சியில் தொலைவிலுள்ள மலையும் அருகிலுள்ள மரத்தைப் போன்றே கூர்மையாகத் தெரியும். அதனால் மலை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோலத் தோன்றும்.

இயற்பியல் அடிப்படை

ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியின் ஒரு பகுதி வழியில் இழக்கப்படுகின்றது. அதே வேளையில், கதிரவன் ஒளி இடையிலுள்ள காற்றில் சிதறிப் பார்வையாளரின் கண்ணை அடைகின்றது. இழப்பு தொலைவுடன் அடுக்குமுறையில் அமையும். ஒரு கிலோமீட்டரில் 90 விழுக்காடு ஒளி கடந்து செல்லுமாயின், 10 கிலோமீட்டரில் ஏறத்தாழ 35 விழுக்காடும், 20 கிலோமீட்டரில் 12 விழுக்காடுமே எஞ்சும்.

காற்று மூலக்கூறுகளால் நிகழும் ராலே சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், நீலம் சிவப்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகச் சிதறும். தூசு போன்ற பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில், பெரும்பாலும் முன்னோக்கிச் சிதறச் செய்கின்றன. இது மீ சிதறல் எனப்படும்.

எடுத்துக்காட்டு: கோயம்புத்தூரின் மலைகள்

இவ்விளைவுகளைக் கண்ணால் கண்டு பயில்வதற்குக் கோயம்புத்தூர் மிகவும் ஏற்ற இடமாகும். நகரின் மேற்கே மருதமலையும் அதற்கு அப்பால் வெள்ளியங்கிரியும், வடக்கே நீலகிரியும் வெவ்வேறு தொலைவுகளில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. காலையில் கதிரவன் பார்ப்பவரின் முதுகுப்புறம் இருப்பதால் மேற்கு மலைகள் ஒப்பீட்டளவில் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே மலைகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கும்போது, முன்னோக்கிச் சிதறும் ஒளியால் இடையிலுள்ள மங்கல் ஒளிர்ந்து, மலைகள் வெளிறிய நிழலுருக்களாகின்றன. தொலைவை மட்டும் கணக்கிட்டு ஒரே நிறப் பனிமூட்டம் பூசும் எளிய முறையால் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது.

உயரமும் கருதத்தக்கது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்திலும் உள்ளன. தூசு பெரும்பாலும் தாழ்ந்த அடுக்கிலேயே தங்குவதால், அடிவாரம் மங்கியும் முகடு தெளிந்தும் தோன்றுவதுண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் நுண்துகள்கள் நீரை ஈர்த்துப் பருக்கும். அப்போது மங்கல் நீலத்தை விட்டு வெண்மையாகும்.

வரலாறு

இத்துறையின் கணிதம் வானியலிலிருந்து வந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட கதிர்வீச்சு மாற்றம் பற்றிய நூல், ஊடகத்தினூடே ஒளி செல்வதை விளக்கும் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். விண்மீன்களின் வளிமண்டலத்துக்காக வகுத்த சமன்பாடுகள் பிற்காலத்தில் திரைப்படப் புகைக்கும் பயன்பட்டன என்பது சுவையான செய்தி. 1982இல் சிம் பிளின் சனிக்கோளின் வளையங்களைக் காட்டச் சிதறலைக் கணக்கிட்டார். 1984இல் கசியாவும் வான் கெர்சனும் அடர்த்தி மாறும் மேகம் போன்றவற்றை ஒளிக்கதிர்த் தடமறிதலால் வரைந்தனர். 1993இல் நிசிட்டா குழுவினர் விண்வெளியிலிருந்து காணும் புவியை அதன் வளிமண்டலத்துடன் உருவாக்கினர்.

செய்முறை

2002இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட பிளெண்டரில் மாணவர்கள் இதனைச் செலவின்றிச் சோதிக்கலாம். அதன் சைக்கிள்ஸ் காட்சியாக்கியில் 2014இல் வெளிவந்த 2.70 பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது. முதன்மையானவை அடர்த்தி, திசைச்சார்பு என்னும் இரு அளவுகள். திசைச்சார்பு −1 முதல் 1 வரை அமையும். சுழி எனில் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும், நேர்மதிப்பு எனில் முன்னோக்கிச் சிதறும். மாலை மலைக்குத் தேவைப்படுவது நேர்மதிப்பே.

பயில்வோர் பெரும்பாலும் இடறுவது அடர்த்தியில்தான். இயல்பாகத் தரப்பட்டுள்ள 1 என்னும் மதிப்பில், மீட்டர் அளவிலான காட்சியில், ஒரு மீட்டருக்குள்ளேயே ஒளியின் 63 விழுக்காடு விலகிவிடும்; மலை முற்றிலும் மறைந்துபோகும். மேலே கூறிய 90 விழுக்காட்டுக் காற்றுக்கு உரிய மதிப்பு ஏறத்தாழ 0.0001 ஆகும். காட்சியை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அமைத்தால் 0.1 எனக் கொள்ளலாம். பஞ்சுத் தூசு மிதக்கும் நூற்பாலைக் கூடத்தில் சாளரம் வழியே விழும் ஒளிக்கற்றைக்கு இதனினும் பன்மடங்கு அடர்த்தி வேண்டும்.

ஒவ்வொரு கதிரின் வழியிலும் பல புள்ளிகளில் கணக்கிட வேண்டியிருப்பதால் காட்சியாக்க நேரம் மிகும். படத்தில் புள்ளியிரைச்சலும் தோன்றும். திறன் குறைந்த கணினிகளில், தொலைவு மங்கலைப் பின்தொகுப்பில் சேர்த்து, ஒளிக்கற்றை விழும் சிறு பகுதிக்கு மட்டும் முழுக் கணக்கீட்டைப் பயன்படுத்துவது வழக்கம்.