உட்கொண்ட மருந்து என்னாகிறது?

தலையிடியோ காய்ச்சலோ கண்டவுடன் அலுமாரியைத் திறந்து ஒரு பனடோல் குளிசையை எடுத்து விழுங்குவது இந்நாட்டில் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி யாவருக்கும் பழக்கமாகிவிட்டது. விழுங்கியபின் அதைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. குளிசை கரைந்தது, இரத்தத்திற் கலந்தது, நோவு தணிந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் உட்சென்ற பொருள் உட்சென்றவாறே உடலில் இருப்பதில்லை. சில மணி நேரத்துள் அது வேறொரு பொருளாக மாற்றப்பட்டு வெளியேற்றப்படுகிறது. அந்த மாற்றம் சில வேளைகளிற் பயனற்ற பொருளை மருந்தாக்கும். சில வேளைகளில் மருந்தை நஞ்சாக்கும். இவ்வுண்மையை ஆய்வுகூடத்தில் நிறுவிக் காட்டியோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் அக்செல்றொட். பனடோலின் வரலாற்றிலும் அவருக்குப் பங்குண்டு.

அவ்வரலாறு ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது. 1886 ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரில் இரண்டு வைத்தியர்கள் குடற்புழு நோயாளி ஒருவருக்கு நப்தலீன் கொடுக்க எண்ணினர். மருந்துக் கடையிலிருந்து வந்து சேர்ந்ததோ அசற்றனிலைட்டு என்னும் வேறு பொருள். புழுக்களை அது ஒன்றுஞ் செய்யவில்லை. நோயாளியின் காய்ச்சல் மட்டும் இறங்கிற்று. இவ்வாறு தற்செயலாகக் கிடைத்த மருந்து விரைவில் உலகெங்கும் பரவியது. ஆயினும் அதற்கு ஒரு தீய குணம் இருந்தது. அதனை மிகுதியாக உட்கொண்டோர் சிலரின் உதடுகளும் நகங்களும் நீலம் பாரித்தன. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், அதனைச் சுமக்க இயலாத ஒரு வடிவமாக மாறியமையே இதற்குக் காரணம். அவ்வாறு மாற்றியது எது என்பது மட்டும் 60 ஆண்டுகள் வரை தெளிவாகவில்லை.

அதைக் கண்டறியப் புகுந்தபோது அக்செல்றொட்டுக்கு வயது 33. கையில் கலாநிதிப் பட்டமும் இல்லை. வைத்தியப் பட்டமும் இல்லை. 1912 ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில், குடியேறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். தந்தையார் பூக்கடைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் கூடை முடைந்து விற்றவர். கட்டணமின்றிக் கற்பித்த நியூ யோர்க் நகரக் கல்லூரியில் 1933 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றபின் வைத்தியக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்றேனும் அவரை ஏற்கவில்லை. யூத மாணவர் தொகைக்கு அக்காலத்தில் அக்கல்லூரிகள் பல எல்லை வகுத்திருந்தன. மாதம் 25 டொலருக்கு ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த அவர், 1935 ஆம் ஆண்டில் உணவுப் பொருள்களிற் சேர்க்கப்படும் விற்றமின்களின் அளவைச் சோதிக்கும் நிலையமொன்றில் வேலை பெற்றார். அங்கே அமோனியாப் போத்தல் ஒன்று வெடித்ததில் இடக்கண்ணின் பார்வையை இழந்தார். இரவு வகுப்புகளுக்குச் சென்று 1941 ஆம் ஆண்டில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பதினோராண்டு பாலையும் மாவையும் சோதித்த அவ்வேலை பிறருக்குச் சலிப்பூட்டியிருக்கும். ஆனால் மிகச் சிறிய அளவிலுள்ள ஒரு பொருளைக் கலவையினின்று பிரித்து அளக்கும் கைப்பழக்கத்தை அவருக்கு அளித்தது அதுவே. பட்டங்கள் தராத பயிற்சி அது.

1946 ஆம் ஆண்டில் அசற்றனிலைட்டுச் சிக்கலை ஆராயும் பொறுப்பு அந்நிலையத்துக்கு வந்தது. யோசனை கேட்பதற்காகக் கோல்ட்வோட்டர் நினைவு வைத்தியசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பேர்னாட் புறொடி என்பாரிடம் அக்செல்றொட் அனுப்பப்பட்டார். உலகப் போர்க் காலத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்து, இரத்தத்தில் மருந்தின் அளவை அளப்பதிற் பெயர் பெற்றிருந்தவர் புறொடி. இருவரும் அசற்றனிலைட்டின் இரசாயன அமைப்பை எழுதிப் பார்த்தனர். உடல் இதனை உடைத்தால் என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. அனிலீன் கிடைக்கலாம் என்று தோன்றியது. அனிலீனோ ஈமோகுளோபினைக் கெடுப்பதாக முன்னரே அறியப்பட்ட பொருள்.

ஊகித்தல் எளிது, அளந்து காட்டுவதே அரிது. இரத்தத்தில் அணுவளவாயிருக்கும் அனிலீனை அளக்க அக்செல்றொட் ஒரு முறை வகுத்தார். மருந்துண்டவர்களின் இரத்தத்தில் அனிலீன் உயர உயரக் கெட்ட ஈமோகுளோபினும் உயர்ந்தது. குற்றவாளி பிடிபட்டது. ஆனால் இவ்வாறு அனிலீனாவது மருந்தின் மிகச் சிறிய பகுதியே. எஞ்சிய பெரும்பகுதி என்னாயிற்று என்று அவர்கள் தொடர்ந்து தேடினர். அது பரசிற்றமோல் என்னும் பொருளாக மாறியிருந்தது. அப்பொருளைத் தனியே கொடுத்துப் பார்த்தபோது நோவு தணிந்தது, உதடு நீலமாகவில்லை. நோவைத் தணித்ததாக இதுகாறும் புகழப்பட்ட அசற்றனிலைட்டின் வேலையை உண்மையிற் செய்தது, உடலே அதிலிருந்து ஆக்கிக்கொண்ட இன்னொரு பொருள்! இம்முடிவு 1948 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பரசிற்றமோல் அன்று புதிதாகக் கண்டெடுக்கப்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது ஆக்கப்பட்டிருந்தது. 1893 ஆம் ஆண்டிற் சோதித்த ஜேர்மன் அறிஞர் ஒருவர் அதுவும் தீங்கானதே என்று ஒதுக்கியமையால் அரை நூற்றாண்டு பயனின்றிக் கிடந்தது. 1956 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் அது பனடோல் என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது.

மாற்றம் நிகழ்கிறது என்பது தெளிவாயிற்று. மாற்றுவது எது? 1949 ஆம் ஆண்டில் புறொடியுடன் பெதெஸ்டா நகரிலுள்ள தேசிய இருதய நிறுவனத்துக்குச் சென்ற அக்செல்றொட், அம்பெற்றமீன் முதலிய மருந்துகளைக் கொண்டு அக்கேள்வியைத் தொடர்ந்தார். முயலின் ஈரலை அரைத்துப் பகுதி பகுதியாகப் பிரித்து, எப்பகுதியில் மருந்து மறைகிறது என்று பார்த்தார். கலங்களினுள் இருக்கும் சவ்வுகளின் நுண்ணிய துணிக்கைகளிலேதான் அம்மாற்றத்தைச் செய்யும் நொதியம் இருந்தது. அது தொழிற்பட ஒட்சிசனும் வேண்டும். ஐதரசனை வழங்கும் ஒரு துணைப்பொருளும் வேண்டும்.

இதன் பயனை அடுக்களையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். எண்ணெய் படிந்த பாத்திரத்தை வெறும் நீரால் எவ்வளவு கழுவினாலும் பிசுக்கு நீங்காது. சாம்பலோ சவர்க்காரமோ இட்டுத் துலக்கினாற்றான் நீருடன் போகும். மருந்துகளிற் பல எண்ணெய்த் தன்மை வாய்ந்தவை. சிறுநீரகம் நீரைக் கொண்டே கழுவுவதால் அவற்றை எளிதில் வெளியேற்ற முடிவதில்லை. ஈரலின் நொதியம் மருந்தில் ஒட்சிசனை ஏற்றி, நீருடன் கலக்கும் இயல்பை அதற்கு அளிக்கிறது. இன்றேல் ஒரு நேரம் உண்ட மருந்து உடலில் நெடுங்காலம் தங்கிவிடும்.

இக்கண்டுபிடிப்பே அவருக்கு மனத்தாங்கலையும் தந்தது. அடிப்படைச் சோதனைகளை அவர் 1953 ஆம் ஆண்டிற் செய்து முடித்தார். அதன்பின் புறொடி ஆய்வுகூடத்தின் ஏனையோரையும் அப்பணியில் இறக்கினார். 1955 ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில் முதற்பெயர் புறொடியினுடையது. அக்செல்றொட்டின் பெயர் அடுத்து வந்த ஆறு பெயர்களுள் ஒன்று. தலைவர் இடமும் பொருளும் தந்தார், கேள்வி கேட்கவும் கற்பித்தார் என்பது உண்மை. அவ்வுண்மையை அக்செல்றொட்டும் மறுத்ததில்லை. எனினும் தன் கையால் முதலிற் கண்டதைப் பலருள் ஒருவராகப் பகிர நேர்ந்தவரின் மனம் எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டமில்லாதவர் என்றும் துணைவராகவே எண்ணப்படுவர் என்பதை அவர் உணர்ந்தார். புறொடியை விட்டு நீங்கி, தம்மிலும் மிக இளையோருடன் வகுப்பிலமர்ந்து, 1955 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். வயது 43ஐ அண்மித்திருந்தது.

பின்னர் தேசிய மனநல நிறுவனத்திற் சேர்ந்து நரம்புகளை ஆராய்ந்தார். நரம்பு முனைகள் வெளியிடும் நோரதிரினலினில் ஒரு பகுதியை நொதியங்கள் மாற்றிவிடுகின்றன. பெரும்பகுதியை நரம்பு முனைகளே மீளவும் உறிஞ்சிக்கொள்கின்றன என்று காட்டினார். மனச்சோர்வுக்கு வழங்கப்படும் மருந்துகள் சில அவ்வுறிஞ்சலைத் தடுப்பனவென்பதும் இதனால் விளங்கிற்று. 1970 ஆம் ஆண்டில் பேர்னாட் காட்ஸ், உல்வ் வொன் ஒயிலர் ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புறொடிக்கு அப்பரிசு கிட்டவில்லை. அக்செல்றொட் 2004 ஆம் ஆண்டில், 92 ஆவது வயதிற் காலமானார்.

அவர் தொடங்கிவைத்த ஈரற் கதை அதற்குள் வெகுதூரம் சென்றிருந்தது. அந்நொதியத்தின் நிறத்தை ஆராய்ந்த யப்பானியரான ஒமுராவும் சட்டோவும் 1962 ஆம் ஆண்டில் அதற்குச் சைற்றோகுறோம் பி-450 என்று பெயரிட்டனர். ஒன்றென எண்ணப்பட்ட அது ஒரு பெருங்குடும்பமென்பதும், மனிதனிடம் அக்குடும்பத்துக்குரிய 57 பரம்பரையலகுகள் உள்ளனவென்பதும் மூலக்கூற்று உயிரியல் வளர்ந்தபின் தெரிந்தன. அவற்றுள் ஒன்று கொடெயின் மருந்தின் ஒரு பகுதியை மோர்பீனாக்குகிறது. அவ்வலகு பழுதுற்றோர்க்குக் கொடெயின் நோவைத் தீர்ப்பதில்லை. மிகையாக உடையோர்க்கு அதுவே ஆபத்தாகலாம். தொண்டையில் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலர் இவ்வாறு இறந்தமையால், அச்சிகிச்சையின்பின் குழந்தைகளுக்குக் கொடெயின் கொடுப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2013 ஆம் ஆண்டில் விலக்கினர்.

பனடோலும் இவ்விதிக்கு விலக்கன்று. அளவுடன் உண்ணும்போது அதன் பெரும்பகுதி தீங்கின்றி வெளியேறுகிறது. சிறு பகுதியை மட்டும் அதே பி-450 நொதியங்கள் கொடிய பொருளொன்றாக மாற்றுகின்றன. ஈரலிலுள்ள குளூற்றாதயன் அதனை உடனே பற்றி அடக்கிவிடும். அளவு மீறினாற் குளூற்றாதயன் தீர்ந்துபோக, அடக்குவாரின்றி அந்நஞ்சு ஈரற் கலங்களையே அழிக்கிறது. இதனை 1973 ஆம் ஆண்டில் விளக்கிய ஆய்வாளர் குழுவின் கட்டுரையிற் புறொடியின் பெயரும் இடம்பெற்றிருந்தது. இம்முறை இறுதிப் பெயராக. குளூற்றாதயனை மீண்டும் பெருக்கும் அசற்றைல்சிஸ்ரீன் என்னும் மாற்று மருந்து இன்று வைத்தியசாலைகளில் உண்டு. குளிசைகளை அளவுக்கு மேல் விழுங்கியவருக்கு எட்டு மணி நேரத்துள் அது கொடுக்கப்படின் ஈரல் பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. முதல் நாளில் அத்தகையவர் ஓரளவு நலமாகவே தோன்றுவதுண்டு. அதனால்தான் பலர் வைத்தியசாலைக்குப் பிந்தி வருகின்றனர்.