மக்கு என்று சொல்லுமுன்



"மூத்தவன் கெட்டிக்காரன், சின்னவன் மக்கு" என்று பிள்ளைகளின் காதில் விழும்படியே சொல்லிவிடுகிறோம். எதைக் கொண்டு இப்படித் தீர்ப்புக் கூறுகிறோம்? பெரும்பாலும் தேர்வுப் புள்ளிகளைக் கொண்டுதான். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும், புள்ளியால் பிள்ளையை எடைபோடும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

அறிவை அளக்கும் சோதனை எதற்காகத் தோன்றியது என்று பார்ப்போம். பிரான்சு நாட்டில் 1882ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு எப்படி உதவுவது என்று ஆராய, 1904ஆம் ஆண்டில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் உறுப்பினர்களில் ஒருவர் ஆல்பிரட் பினே. அவரும் தியோடர் சீமோனும் 1905ஆம் ஆண்டில் 30 சிறு சோதனைகளை வெளியிட்டனர். தனிக் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கண்டறிவதே அவற்றின் நோக்கம். அறிவு பிறவியிலேயே இவ்வளவுதான் என்ற கருத்தைப் பினே மறுத்தார். கவனத்தை வளர்க்கப் பயிற்சிகளும் வகுத்தார். சொன்னவுடன் சிலைபோல் அசையாமல் நிற்கும் விளையாட்டு அவற்றுள் ஒன்று.

பினே 1911ஆம் ஆண்டில் மறைந்தார். முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 17 இலட்சம் படைவீரர்களுக்கு இத்தகைய சோதனை வைக்கப்பட்டது. சில வினாக்கள் அந்நாட்டுக் கடைச் சரக்குகளைப் பற்றியவை. புதிதாகக் குடியேறியவருக்கு அவை எப்படித் தெரியும்? தெரியாததெல்லாம் அறிவுக்குறைவாகக் கணக்கிடப்பட்டது.

நாமும் இதே தவற்றைச் செய்கிறோமா? செம்பனைக் குலை வெட்டுகிறவர், கீழே உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்தே குலை பழுத்துவிட்டதை அறிகிறார். முந்தி வெட்டினால் எண்ணெய் குறையும்; பிந்தினால் பழம் சிதறிப்போகும். ரப்பர் மரம் சீவுகிறவர், உள்ளே காயம் படாமல் மெல்லிய பட்டையை மட்டும் சீவி எடுக்கிறார். இவற்றைக் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பார்ப்பதும் ஒப்பிடுவதும் முடிவெடுப்பதும் இவற்றில் அடங்கியுள்ளன. அறிவின் அடிப்படை சரியாகத் தீர்மானிக்கும் ஆற்றல் என்பதே பினேயின் கருத்தும் ஆகும்.

இதனால் பள்ளிப் படிப்பு வேண்டாம் என்று பொருளல்ல. எழுத்தும் கணக்கும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். புள்ளி குறைந்தால், எங்கே தடுக்கிறது என்று தேட வேண்டும். வினாத்தாளை நாமே வாசித்துக் காட்டுவோம். வாய்மொழியாகச் சரியான விடை வந்தால், குறை வாசிப்பில் இருக்கலாம். கரும்பலகை எழுத்து தெரிகிறதா, ஆசிரியர் சொல்வது காதில் விழுகிறதா என்றும் கேட்போம். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆசிரியரிடம் வந்து கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்டுபிடித்துச் சொல்வது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை.

மக்கு என்ற பெயரைப் பல நாள் கேட்ட பிள்ளை, முயற்சி செய்வதையே விட்டுவிடும். ஆகவே பெற்றோர்களே, அந்தச் சொல்லை இன்றோடு நம் வீட்டை விட்டு வெளியேற்றுவோம்.