தனிமைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கடலோர வில்லா கணக்கும் போடி மலைக் கணக்கும்

உங்க ரெண்டு பேர் ஃபோனிலும் அந்த ரீல் கட்டாயம் வந்திருக்கும். நீலக் கடல், மரப்பாலம், தண்ணிக்கு மேல நிற்கிற வில்லா, சுத்திலும் ஒரு ஆள் கிடையாது. கீழே "ஒரு இரவு 400 டாலர் முதல்" என்று போட்டிருப்பாங்க. கல்யாணத் தேதி குறிச்ச நாளிலிருந்து அல்காரிதம் இதைத்தான் காட்டிக்கிட்டே இருக்கும்.

போகக்கூடாதுன்னு சொல்ல வரல. ஆனா கல்யாணத்துக்குப் பிறகு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கிற முதல் பெரிய பண முடிவு அநேகமா இதுதான். மண்டபம், சாப்பாடு எல்லாம் பெரியவங்க முடிவு பண்ணியது. இது உங்க முடிவு. அதனால முழு விலையைப் பார்த்துட்டு எடுங்க.

அந்த 400 டாலரையே எடுத்துக்குவோம். மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். விலைக்குப் பக்கத்தில் சின்னதா ரெண்டு பிளஸ் குறி இருக்கும். அதுக்கு அர்த்தம், சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி. 10% சர்வீஸ் சார்ஜ் சேர்ந்தால் 440 டாலர். அதன்மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17% (2025 ஜூலை முதல் இந்த விகிதம்). இப்போ 514.80. பிறகு கிரீன் டாக்ஸ், பெரிய ரிசார்ட் என்றால் ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர், ரெண்டு பேருக்கு 24. மொத்தம் 538.80 டாலர். மூணு இரவுக்கு, ஒரு டாலர் 90 ரூபாய் என்று வெச்சுக்கிட்டா, விளம்பரக் கணக்கில் 1,08,000 ரூபாய். கட்டும்போது சுமார் 1,45,500 ரூபாய். இதில் விமான டிக்கெட் இல்லை, தீவுக்குக் கொண்டுபோகும் ஸ்பீட்போட் அல்லது சீபிளேன் இல்லை, மதியச் சாப்பாடு இல்லை. திரும்பும்போது எகானமி வகுப்புக்கே ஆளுக்கு 50 டாலர் புறப்பாட்டு வரி. கார்டில் தேய்த்தால் வங்கியின் ஃபாரெக்ஸ் மார்க்அப் வேறு.

வரியைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. சுத்திலும் கடல். ஒரு தண்ணி பாட்டில் வேணும்னாலும் அங்கேதான் வாங்கணும். பக்கத்துத் தெரு மெஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, வேறு கடை கிடையாது. எந்தத் தனிமைக்காகப் பணம் கட்டினீங்களோ, அதே தனிமைதான் உங்களை அவங்க சொல்ற விலைக்குக் கட்டுப்பட்ட வாடிக்கையாளரா மாத்துது. ஒதுக்குப்புறமான எந்த ரிசார்ட்டுக்கும் இந்த விதி பொருந்தும், நம்ம ஊர் உட்பட.

சரி, வேண்டியது தனிமைதான், கடல் இல்லைன்னா? அப்போ போடிநாயக்கனூர் பக்கம் திரும்பலாம்.

ரயில் முடியும் இடம்

தேனி மாவட்டத்தில் மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் போடி. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினாங்க. பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல காத்திருந்து, 2023 ஜூனில்தான் அகலப்பாதையில் ரயில் மறுபடி போடிக்கு வந்தது. இப்போ சென்னை சென்ட்ரலில் இருந்து வாரம் மூணு நாள் இரவில் கிளம்பி காலையில் போடியில் இறங்கலாம். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, சுமார் 4,500 அடி. அடிவார வெயில் ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டர் குளிராகிவிடும். அதைத் தாண்டினால் கேரளா: பூப்பாறை, சூரியநெல்லி, சாந்தன்பாறை. வழி முழுக்க பெரிய மரங்களும் அந்த நிழலில் ஏலச்செடிகளும்தான்.

இந்தத் தோட்டங்களுக்குள்ளேதான் தங்குமிடங்கள் இருக்கு. ரெண்டு அறை ஹோம்ஸ்டேயிலிருந்து நீச்சல் குளத்தோடு இருக்கிற தனி வில்லா வரைக்கும். தோட்டக்காரர்கள் ஏன் அறை விடுறாங்க என்பது புரிஞ்சால் விலை பேசுவதும் சுலபம். ஏலக்காய் விலை ஒரே நிலையில் நிற்காது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமா 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த மூணு வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. இப்படி ஆடுகிற வருமானத்துக்குப் பக்கத்தில் அறை வாடகை ஒரு ஊன்றுகோல். வார நாளில் காலியாகக் கிடக்கிற அறைக்கு நேரில் ஃபோன் பண்ணிக் கேட்டால் குறைக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா புக்கிங் ஆப்புக்குப் போகும் கமிஷன் அவங்களுக்கு மிச்சம். டிசம்பர் கடைசி வாரத்தில் கேட்டால் சிரிப்பாங்க.

7,500 ரூபாய் கோடு

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. பல பேர் ஏமாறுவது இங்கேதான்.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5%. அதைத் தாண்டினால் 18%. தாண்டின பகுதிக்கு மட்டும் இல்லை, முழு வாடகைக்கும். அதனால 7,500 ரூபாய் அறைக்கு நீங்க கட்டுவது 7,875. 7,600 ரூபாய் அறைக்குக் கட்டுவது 8,968. நூறு ரூபாய் கூடுதல் அறைக்கு பையில் இருந்து போவது 1,093 ரூபாய்! 7,800, 8,000 என்று விலை சொல்றவங்ககிட்ட, "7,500-க்குத் தர முடியுமா?" என்று கேட்கத் தயங்காதீங்க. 500 ரூபாய் குறைச்சா அவங்களுக்கு இழப்பு 500, உங்களுக்கு லாபம் அதுக்கு மேல பல மடங்கு.

சாப்பாட்டிலும் இதே கோடு ஒளிஞ்சிருக்கு. அந்த ரிசார்ட் போன நிதியாண்டில் ஏதாவது ஒரு அறையை ஒரு நாளைக்கு 7,500-க்கு மேல் கொடுத்திருந்தால், அங்குள்ள ரெஸ்டாரன்ட் பில்லுக்கு 18% ஜி.எஸ்.டி. நீங்க தங்கியது 5,000 ரூபாய் அறையா இருந்தாலும் சரி. மற்ற இடங்களில் 5%. தனிமையான மலையில் மூணு வேளையும் அங்கேதான் சாப்பிடப்போறீங்க என்பதால் இந்த 13% வித்தியாசம் சின்னதில்லை.

"ஹனிமூன் பேக்கேஜ்" என்று படுக்கையில் பூ, கேக், கேண்டில் லைட் டின்னர் எல்லாம் சேர்த்து ஒரே விலை போடுவாங்க. 6,800 ரூபாய் அறை அப்படியே 8,500 ஆகி, மொத்தமும் 18% பக்கம் போகிற வாய்ப்பு உண்டு. அறைக்குத் தனி, டின்னருக்குத் தனி பில் கேளுங்க. (பூவில் செஞ்ச அன்னப்பறவைக்கு ஆயிரம் ரூபாய் தகுமான்னு நீங்களே பார்த்துக்கோங்க. அது அரை மணி நேரத்தில் கலைக்கத்தானே போகுது.)

சின்ன ஹோம்ஸ்டே என்றால் ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்கான்னு கேளுங்க. வருட வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே இருந்து பதிவே செய்யாதவங்க நேரடி புக்கிங்கில் உங்ககிட்ட ஜி.எஸ்.டி. வசூலிக்க முடியாது. பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். ஹோட்டலும் ரெஸ்டாரன்டும் அதைக் கட்டாயமாக்கக்கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

ஃபோனில் என்ன கேட்கணும்

"அண்ணே, ரூம் வாடகைக்கு மேல வேற என்னென்ன வரும்?" இந்த ஒரு கேள்வியோடு ஆரம்பிங்க. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் உங்க கார் போகுமா, இல்ல அவங்க ஜீப்தானா? ஜீப் என்றால் ஒரு தடவைக்கு எவ்வளவு? ராத்திரிச் சாப்பாடு என்ன விலை, எத்தனை மணிக்குள் சொல்லணும்? கேம்ப்ஃபயர் இலவசமா? தமிழ்நாட்டு வாடகைக் காரில் போறீங்கன்னா, கேரளாவுக்குள் நுழையும் பெர்மிட் கட்டணம் யார் தலையில் என்று டிரைவரிடம் போடியிலேயே பேசிடுங்க. போடிமெட்டு செக்போஸ்ட்டில் பேச ஆரம்பிச்சா பேரம் உங்க பக்கம் இருக்காது.

இன்னொரு கேள்வி, பெரும்பாலும் யாரும் கேட்காதது: "அந்தத் தேதியில தோட்டத்துல மருந்து அடிப்பீங்களா?" ஏலச்செடி பூச்சிமருந்து அதிகமா வாங்குகிற பயிர். வில்லாவைச் சுத்தி நாலு பக்கமும் செடி இருக்கும்போது, மருந்து அடிக்கிற அன்னைக்கு ஜன்னலைத் திறக்கவே முடியாது. நல்ல தோட்டக்காரர் மறைக்காம சொல்லிடுவார், தேதியையும் மாத்தித் தருவார். அவர் எப்படிப் பதில் சொல்றார் என்பதிலேயே அந்த இடம் எப்படிப்பட்டதுன்னு பாதி தெரிஞ்சிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விலை இறங்கும். பச்சை கொட்டிக் கிடக்கும், மேகம் வாசலுக்கு வரும், அட்டையும் வரும். ஆனா போடிமெட்டிலிருந்து மூணாறு போகிற வழியில் உள்ள கேப் ரோட்டில் மழைக்கு மண் சரிவதும், போக்குவரத்தை நிறுத்துவதும் புதுசில்லை. மழை மாதத்தில் புக் செய்தால் "ரீஃபண்ட் இல்லை" என்கிற மலிவு ரேட்டைத் தொடாதீங்க. தேதி மாத்திக்கலாம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கோங்க. வாய்ப்பேச்சு போதாது.

மலையில் நடைப்பயணம் கூட்டிப்போறோம் என்று சொன்னால் வனத்துறை அனுமதி இருக்கான்னு கேட்காமல் கிளம்பாதீங்க. 2018 மார்ச் 11-ம் தேதி போடிக்குப் பக்கத்திலேயே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தாங்க. இந்த ஒரு விஷயத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிற பேச்சே வேண்டாம்.

ஜீப் செலவுக்குத் தகுதியான இடம் கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம், ஆனா வழி கேரளாவின் சூரியநெல்லி வழியாத்தான், அதுவும் ஜீப்பில் மட்டும். விடிகாலை நாலு மணிவாக்கில் கிளம்பினால் மேகத்துக்கு மேல் சூரியன் வருவதைப் பார்க்கலாம். இடுப்பு கொஞ்சம் கழண்டுபோகும், அதையும் சொல்லிடறேன்.

மொத்தம் எவ்வளவு, பணம் எங்கிருந்து

ஒரு மாதிரிக் கணக்கு, உங்க விலையைப் போட்டு மாத்திக்கோங்க. காலை உணவோடு 6,500 ரூபாய் அறை, ரெண்டு இரவு, 5% வரியோடு 13,650. நாலு வேளை சாப்பாடு வேளைக்கு 1,200 வீதம், வரியோடு 5,040. ரயிலில் ஏ.சி. மூணாம் வகுப்பு இருவர் போய்வர 5,000. போடியிலிருந்து கார் ஏற, இறங்க 5,000. ஜீப்புக்கு 3,000. மொத்தம் 31,690. வழிச்செலவையும் சேர்த்து 35,000 என்று வையுங்க. மாசம் ஆளுக்கு 2,500 ரூபாய் தனி ஆர்.டி.யில் போட்டால் ஏழு மாசத்தில் தயார்.

இப்போ வில்லாவுக்கு 2 லட்சம் பர்சனல் லோன் என்று பாருங்க. 16% வட்டி, 24 மாசம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 9,793 ரூபாய். வட்டி மட்டும் 35,000. அதாவது வில்லா கடனின் வட்டியிலேயே மலைப் பயணம் முழுசா முடிஞ்சிருக்கும். "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்றாலும் அந்த வட்டிக்கான 18% ஜி.எஸ்.டி. உங்க கார்டு ஸ்டேட்மென்டில் வந்து நிற்கும். கல்யாணத்துக்கு வாங்கின கடன் ஏற்கெனவே ஓடுதுன்னா, இன்னொரு இ.எம்.ஐ. சேரும் மாசத்திலிருந்து "நீ ஏன் செலவு பண்ணினே" என்கிற பேச்சு வீட்டுக்குள் நுழையும். புக் பண்றதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் சம்பளம், கடன், கார்டு பாக்கி மூணையும் திறந்து காட்டிடுங்க. ஹனிமூன் முடிஞ்சு தெரிய வருவதைவிட முன்னாடி தெரிவது நல்லது.

கடல்தான் வேணும், சின்ன வயசிலிருந்து கனவு என்றால் போங்க. ஒரு வருஷம் தள்ளி, சேர்த்துவிட்டு, முதல் கல்யாண நாளுக்குப் போங்க.

பழைய வரி முறையில் இருக்கிறவங்க எல்.டி.ஏ.-வை மறக்க வேண்டாம். இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டும், அதிலும் டிக்கெட் செலவுக்கு மட்டும் வரிவிலக்கு. அறை வாடகைக்குக் கிடையாது. கணவன், மனைவி இருவர் டிக்கெட்டும் சேரும். நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு பயணம், இப்போ ஓடுவது 2026–2029. போடி ரயில் டிக்கெட்டை எடுத்து வையுங்க. மாலத்தீவு டிக்கெட் இதில் வராது.

திரும்பும்போது ரயில் இரவில்தான் என்பதால் போடியில் மதியம் முழுக்க நேரம் இருக்கும். வீட்டுக்கு ஏலக்காய் வாங்குவதை மலை மேல் டூரிஸ்ட் கடையில் செய்யாமல் இங்கே செய்யுங்க. போடி ஏலக்காய் வியாபார ஊர், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிற இடம். காயின் அளவைப் பொறுத்து விலை. 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதிகம். பாயசத்துக்கும் டீக்கும் அவ்வளவு பெரிசு தேவையில்லை, அடுத்த ரகம் 200 கிராம் வாங்கினால் ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சுக் கொடுக்கலாம்.