தளம் ஒழுகினால் யார் பொறுப்பு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தின் தளத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு. சாயங்காலத்துக்குள் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவி, சொட்டுச் சொட்டாக வாளியில் விழத் தொடங்கியது. தளம் போட்டு ஏழு வருஷம். மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "ஏழு வருஷம் தாங்கிடுச்சே சார், அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. ஒரு தளம் எத்தனை வருஷம் ஒழுகாமல் இருக்க வேண்டும்?

இந்த ஊரில் ஒரு காலத்தில் அதற்குச் சட்டப் புத்தகத்திலேயே ஒரு கணக்கு இருந்தது. பத்து வருஷம். 1804இல் பிரான்சில் வந்த சிவில் சட்டத்தின் 1792ஆவது பிரிவு அது. மொத்தத் தொகை பேசிக் கட்டிய கட்டடம், கட்டியதில் உள்ள குறையால் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ அழிந்தால், பத்து வருஷத்துக்கு வடிவமைத்தவரும் ஒப்பந்தக்காரரும் பொறுப்பு. அடிமண்ணின் குறையும் அவர்கள் தலையில்தான். 'மண்ணு சரியில்லீங்க' என்று கைவிரிக்க முடியாது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை ஒன்றின் மூலம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவுடன் இணைப்பு சட்டப்படி முழுமையான பிறகு, 1968இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது. பழைய விதி ஒதுங்கிக்கொண்டது. (அந்தக் காலத்தில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களுக்குத் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் மட்டும் பிரெஞ்சுச் சட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒழுகும் தளத்துக்கு அது உதவாது.)

1804இல் கம்பி கட்டிய கான்கிரீட் என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. அந்தப் பத்து வருஷம் கல், மரம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவர்கள் போட்ட கணக்கு. ஆனாலும் குறி அதிகம் தப்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம், தளம் பழுதாகும் விதம்.

மே மாத வெயிலில் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள். கான்கிரீட் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். பத்து மீட்டர் தளம் பகலுக்கும் இரவுக்கும் நடுவே 30 டிகிரி மாறினால் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. தினமும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில்தான் அந்த இழுபறி முதலில் தெரியும். மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதில் இறங்கும் தண்ணீர் நேரே கீழே வராது. உள்ளே சந்து கிடைத்த வழியில் ஓடி, நாலடி தள்ளிச் சொட்டும். சொட்டும் இடத்துக்கு மேலே பூசிவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவர்கள் ஏராளம்.

கடற்கரை ஊரில் இன்னொரு வேலையும் மெதுவாக நடக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தோலைப் போர்த்தி வைத்திருக்கும். உப்புக் காற்றில் வரும் குளோரைடு வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி அந்தத் தோலைக் கிழிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கும். ஒரு நாள் கூடத்தில் காரை பெயர்ந்து விழும்.

உப்பு கம்பியைத் தொட எத்தனை வருஷம் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே உள்ள கான்கிரீட்டின் கனம். கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 தர விதி அதை 45 மில்லிமீட்டர் என்கிறது. சென்டரிங் பலகை மேல் கம்பியைத் தூக்கி வைக்க நம் ஆட்கள் போடும் கவர் பிளாக்கை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பல இடங்களில் 20 தான் இருக்கும்.

பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் வேறு சாதி. தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், மேலே செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பு, கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பில் வெடிப்பு விட்டால் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய் அந்த வெடிப்பிலேயே சேர்க்கும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து திரும்பவும் கல்லாகும். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் தளம். ஆனால் கட்டை நுனி ஈரத்தில் மக்கினால் சுண்ணாம்பால் ஒன்றும் செய்ய முடியாது. கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி (நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கவனிப்பு நின்றால் எவ்வளவு நல்ல கட்டுமானமும் அவ்வளவுதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறையைச் செலவில்லாமல் சரிசெய்யச் சொல்கிறது. அது பில்டரிடம் வாங்கும் அடுக்ககத்துக்கு. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிறவருக்கு அது கிடையாது. அவருக்கு ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், குறை இருந்தால் இழப்பீடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை.

சிக்கல் காலக்கெடுவில். நுகர்வோர் புகாருக்கு வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஒப்பந்த மீறலுக்கு சிவில் வழக்கு என்றால் மூன்று வருஷம். தப்பு நடந்ததோ கான்கிரீட் போட்ட அன்று. வெளியே தெரிந்ததோ ஏழாவது வருஷம். பிரான்ஸ் இந்த இடைவெளியைப் பத்து வருஷத்தால் அடைத்தது. 1978இல் ஸ்பினெட்டா சட்டம் கொண்டுவந்து, வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தக்காரர் அதற்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. நமக்கு அதை அடைக்க இருப்பது நாம் எழுதி வாங்கும் காகிதம் மட்டுமே. 'பத்து வருஷத்துக்குள் ஒழுகினால் என் செலவில் சரிசெய்து தருகிறேன்' என்று கையெழுத்து இருந்தால், சரிசெய்ய மறுக்கும் நாளில் புதிதாக ஒரு மீறல் பிறக்கிறது. கடிகாரம் அங்கிருந்து ஓடும்.

வாட்டர்ப்ரூஃபிங் டப்பாவோடு வரும் வாரண்டி அட்டையை நம்பி இருந்துவிடாதீர்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் பொருளுக்குத்தான் உத்தரவாதம், பூசிய கைக்கு இல்லை. அடித்தவர் பொருள் மேல் பழி போடுவார், கம்பெனி அடித்தவர் மேல் போடும். லேபர் கான்ட்ராக்ட் என்றால் சிமெண்ட் வாங்கியது நீங்கள். மூன்றாவது ஆளாக நீங்களும் அந்த வரிசையில் நிற்பீர்கள்.

நான் எதையும் எழுதி வாங்கவில்லை. சதுர அடி ரேட் பேசியதோடு சரி. அடுத்து தளம் போடப் போகிறவர்கள், கவர் பிளாக் 45 மில்லிமீட்டர் என்று ஒரு வரி, பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று ஒரு வரி, பத்து வருஷம் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள், முதல் ஈரம் தெரியும் அன்றே போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். அதில் தேதி இருக்கும்.