அழாத பிள்ளைக்கும் பால்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டின் காப்பகங்களில் கைக்குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தன. வரிசையாகத் தொட்டில்கள், பத்துப் பிள்ளைகளுக்கும் மேல் ஒரே ஆயா, மணி பார்த்துப் பால். அழுதாலும் யாரும் வரமாட்டார்கள் என்று பிஞ்சுகளுக்குப் புரிந்துபோயிருந்தது. உள்ளே போன ஆய்வாளர்களை அந்த நிசப்தமே உலுக்கியது.

1966-ல் ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசிடம் விட்டார்கள். 1989-ல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது காப்பகங்களில் லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள்.

சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் காப்பகங்களில் ஏறத்தாழ இரண்டரை வயதுக்குள் இருந்த 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புப் பெற்றோரிடம் போனார்கள். மற்ற 68 பேரின் கதி? குலுக்கலில் ஒரு குழந்தையின் வாழ்வு தீர்வதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. ஆய்வுக்காக எவரையும் காப்பகத்தில் நிறுத்திவைக்கக் கூடாது, வீடு கிடைத்தால் போகலாம் என்ற விதியாவது இருந்தது.

வளர்ப்புப் பெற்றோருக்கு உதவித்தொகை உண்டு. சமூகப் பணியாளர்கள் அடிக்கடி வந்து பார்த்தார்கள். சொந்தப் பிள்ளையாகவே பாசம் வையுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மூன்றரை வயதில் பார்த்தபோது, வீடுகளுக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வளர்ப்புத் தாயிடம் நம்பிக்கையோடு ஒட்டியிருந்தார்கள். மற்றவர்களில் ஐந்தில் ஒருவர்கூட அப்படி இல்லை. இரண்டு வயதுக்குள் வீடு சேர்ந்தவர்கள் அறிவு வளர்ச்சியிலும் மேலாகத் தேறினார்கள்.

வீடு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. விழுந்து அடிபட்ட குழந்தை வளர்ப்புத் தாயிடம் ஓடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். தூக்கினால் முதுகை விறைத்துக்கொண்டு திமிறும். 'இதுக்கு என்னைப் பிடிக்கலையே' என்று அவளும் ஒதுங்கிவிடுவாள். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டோசியர் அங்குள்ள வளர்ப்பு வீடுகளில் இதைக் கவனித்து, வீட்டுக்கே போய்ப் பத்து அமர்வுகளில் பழக்கும் முறையை உருவாக்கினார். பிள்ளை கேட்காவிட்டாலும் போய் அணையுங்கள், விளையாட்டில் அதன் போக்கில் விடுங்கள், மிரட்டாதீர்கள். பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்து, தாய் சரியாகச் செய்யும் கணத்திலேயே அதை எடுத்துச் சொல்வார். இப்படிப் பழகிய வீடுகளில் பிள்ளைகளின் மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசால், காலையில் கூடி இரவில் குறையும் இயல்பான ஓட்டத்துக்கு நெருங்கியது.

ருமேனியா 2004-ல் சட்டம் கொண்டுவந்து, இரண்டு வயதுக்குட்பட்டோரைக் காப்பகத்தில் சேர்க்கத் தடை விதித்தது. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. எழுந்து வந்து ஒட்டிக்கொள்ள முடியாத அந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.