உள்ளங்கைத் துரும்பு

பாஞ்சாலங்குறிச்சிப் போரிலே ஆங்கிலேயர் தரப்பில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படை அதிகாரி, 1830ஆம் ஆண்டில் தம்முடைய நினைவுகளை நூலாக்கி வெளியிட்டபோது, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பற்றி எழுதிய சில வரிகள், தமிழில் கதை எழுதப் புகுவோர் ஒவ்வொருவரும் நின்று நிதானித்து நோக்கத்தக்கவை. செவியும் வாயும் இயலாதவர் என்றே அவரைக் குறிப்பிடும் வெல்ஷ், தாக்குதலுக்கு அவர் எவ்விதம் ஆணையிட்டார் என்பதை விவரிக்கிறார். இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளை எடுத்து வைப்பார். அவை ஆங்கிலப் படை. வேறு சைகைகளால் வேளையைக் குறிப்பார். பின்னர் மறுகையால் அத்துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிவார். வாயிலிருந்து சீறல் ஒன்று எழும். வீரர்களுக்கு அதுவே உத்தரவு.

‘சைகையால் உத்தரவிட்டார்’ என்று ஒரே சொல்லில் வெல்ஷ் கடந்து போயிருந்தால், 1801இல் தூக்கிலிடப்பட்ட அம்மனிதரின் கைகளை இன்று நாம் கண்டிருக்கமாட்டோம். பகைவன் கண்ணுக்குப் புலப்பட்ட இந்தக் கைகள், நம்முடைய கதாசிரியர் பலருடைய கண்ணுக்கு ஏனோ புலப்படுவதில்லை. நம் கதைகளில் வரும் ஊமைக்குக் கண்ணீர் உண்டு, தலையசைப்பு உண்டு, பிறர் இரகசியத்தைக் கட்டிக்காக்கும் கடமை உண்டு, கதை முடியும் தறுவாயில் திடீரென்று ‘அம்மா’ என்று கூவிவிடும் அற்புதமும் உண்டு. அன்றாடம் வாய்த்தர்க்கம் செய்யவும், பகிடி பண்ணவும், பொய் சொல்லவும் ஒரு பாஷை மாத்திரம் கிடையாது.

ஊமை என்று நாம் சொல்லுகிறவர்களுள் மிகப் பலருக்குக் குரல்வளையில் யாதொரு குறையுமில்லை. பிறவியிலேயே செவிப்புலன் அற்றமையால் பேச்சைக் கேட்டுக் கற்கும் வழி அடைபட்டவர்கள் அவர்கள். ஆகவே சிரிப்பும் கோபமும் ஒலியாகவே வெளிப்படும். அவர்களுடைய பாத்திரத்தைச் சத்தமற்ற பதுமையாக வரைவது முதற் பிழை. சைகையை வெறும் அபிநயமென்று எண்ணுவது இரண்டாவது பிழை. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு அந்தப் பிழையையே கொள்கையாக்கி, வாய்ப்பேச்சு முறையே மேலானதென்று தீர்மானித்துச் சைகையைப் பள்ளிகளினின்றும் விலக்க வழிசெய்தது; எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1960இல், அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்த வில்லியம் ஸ்டோக்கி அதற்குத் தனக்கென அமைப்பும் இலக்கணமும் உண்டென்று காட்டினார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் இவற்றுள் ஒன்று மாறினாலும் பொருள் மாறும். புருவத்தின் ஏற்றம் ஒரு கூற்றை வினாவாக்கிவிடும்.

நம்முடைய யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இத்தகைய கதைக்கொரு களம் இருக்கிறது. 1912இல் மேரி சாப்மன் தென்னிலங்கையில் ஆரம்பித்த செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையின் வழியிலே, தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை தோன்றியது. இத்தகைய விடுதிப் பாடசாலைகளில் ஆசிரியர் கற்பிப்பது பாதி, பிள்ளைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வது பாதி. விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளையிடம் முழு மொழி ஒன்று இருக்கும். தாயிடமோ சோறு, தண்ணீர், வா, போ என்ற அளவில் வீட்டுக்குள் உண்டாகிய சில குறிகளே இருக்கும். பெற்ற தாயைவிடப் பிள்ளை சொல்வளம் மிக்கதாய் முற்றத்தில் வந்து நிற்கும் அந்த மாலைப்பொழுதை எழுதுவதற்கு நல்லதொரு நாவலாசிரியன் வேண்டும்.

அவன் சில சாதாரண விஷயங்களையும் அறிந்திருக்க வேண்டும். கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து அழைத்தால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. படலையைத் திறந்து உள்ளே வந்து, கண்ணிற் படும்படி கையை அசைக்கவேண்டும். கையில் குடமிருந்தால் பேச்சுப் பாதியாகும். இருளிலே பேச்சே இல்லை. 1990இன் பின் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அற்றுப்போய், ஜாம் போத்தல் விளக்கிலே யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் இரவைக் கழித்ததே, அக்காலத்தில் ஒரு துளி எண்ணெய் மற்றவர்க்குப் படிப்பு, இவர்களுக்கு உரையாடல். எறிகணை வரும் ஒலி கேளாதவரைப் பதுங்குகுழிக்கு இழுத்துச் செல்ல ஒருவருடைய கை வேண்டும்.

உதட்டைப் பார்த்தே யாவற்றையும் அறிந்துவிடும் பாத்திரத்தையும் நம்பாதீர்கள். கண்ணாடியின் முன் நின்று ‘பாடு’ என்றும் ‘மாடு’ என்றும், ‘பணம்’ என்றும் ‘மணம்’ என்றும் சத்தமின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒரே வேலையைத்தான் செய்யும். நாம் அவ்வளவு பெருமை பாராட்டும் லகர ளகர ழகரமெல்லாம் வாய்க்குள்ளே மறைந்து நிகழ்வன.

அப்படியாயின் சைகைப் பேச்சைத் தாளில் எவ்விதம் எழுதுவது? சிங்களம் பேசும் பாத்திரம் தன் மொழியில் தன் ஊராரோடு பேசுவதை நாம் கொச்சைத் தமிழிலா எழுதுகிறோம்? நல்ல தமிழிலேயே தருகிறோம். சைகையையும் அவ்வாறே முழு வாக்கியமாகத் தருவதுதான் முறை. பொருளுக்குக் கை இன்றியமையாத இடத்தில் மாத்திரம், வெல்ஷ் செய்ததுபோல, கையைக் காட்டினாற் போதும். ராதாமோகனின் ‘மொழி’ (2007) திரைப்படத்தில் ஜோதிகாவின் கைகள் சொல்வதைத் தோழி எடுத்துரைப்பது ஒரு நேர்த்தியான உபாயம். அப்பெண்ணுக்குச் சினமும் குறும்பும் தன்மானமும் இருப்பது அதனினும் மேலான காரியம். கார்சன் மெக்கல்லர்ஸ் 1940இல் வெளியிட்ட நாவலிலே, ஜான் சிங்கர் என்னும் ஊமையிடம் நால்வர் வந்து தத்தம் நெஞ்சைக் கொட்டுகிறார்கள். அவன் தங்களைப் பூரணமாக உணர்ந்தவன் என்று அந்நால்வரும் நம்ப, அவனுடைய மனமோ தன் நண்பன் ஒருவனிடமே கிடக்கிறது. நம்மவர் பெரும்பாலும் அந்த நால்வரைப்போலவே எழுதுகிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்குப் போகும் பஸ் கைதடி வழியாகத்தான் போகிறது. அடுத்த கதையில் ஓர் ஊமையைப் படைக்க எண்ணுகிறவர்கள், எழுதிய பிரதியோடு அங்கே இறங்கி, சைகையில் வாழும் ஒருவரிடம் அதைக் கொடுத்து, அவர் எந்த இடத்திற் சிரிக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதன் பின்பு பத்திரிகைக்கு அனுப்புவார்களாக.